குளிருக்குக் கிளம்பாத வண்டி

புகை வரவில்லை. மதலைமுத்துவை முதலில் உறுத்தியது அதுதான்.

கிளம்ப மறுக்கிற டீசல் வண்டிக்கும் ஒரு மரியாதை உண்டு. கிளம்பாவிட்டாலும், விருந்தில் வயிறு கெட்டவன் நெளிவதைப் போல ஓர் உறுமல் உறுமும். பின்பக்கக் குழாயில் கொஞ்சம் வெள்ளைப் புகையை விட்டு ஊரையே மூக்கைப் பிடிக்க வைக்கும். அந்தப் புகை வந்தால் எண்ணெய் உள்ளே போகிறது, பற்றவில்லை என்று பொருள். வராவிட்டால் எண்ணெயே போகவில்லை. வண்டியின் மூக்கில் ஹேண்டிலைச் செருகி அவன் சுற்றிய சுற்றில் சாமுண்டி மலையே அரை சுற்றுத் திரும்பியிருக்க வேண்டும். பனியில் விறைத்த எஞ்சின் 'க்ளக், க்ளக்' என்று நாக்கைச் சப்புக்கொட்டியதோடு சரி. குழாயின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தான். காய்ந்து கிடந்தது.

விரலை வெளியே எடுத்ததும் ஒரு துணியில் துடைத்தான். அந்தத் துணியை இன்னொரு துணியில் துடைத்தான்.

மைசூர் சமஸ்தானம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் அவனைப் போன்ற அருவருப்புக்காரன் அகப்படமாட்டான். ஈ உட்கார்ந்த பழத்தை எல்லோரும்தான் ஒதுக்குவார்கள். மதலைமுத்து, ஈ உட்காரலாமா என்று யோசித்த பழத்தையும் ஒதுக்குவான். தேவராஜ மார்க்கெட்டில் கறிக்கடை வரிசையைக் கடக்கும்போது கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடிக்கொண்டு போய், ஒரு பூக்காரியின் கூடைமேல் விழுந்தவன். கோவிலில் நற்கருணை அப்பத்தை வாங்கும்போதுகூடச் சாமியாரின் நகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். இப்படிப்பட்டவன் டிரைவர் வேலைக்கு வந்ததே ஆச்சரியம். அதிலும் தொட்டையனிடம் வந்ததற்கு ஒரே காரணம், சவுக்காரம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கடைகளில் சவுக்காரம் கண்ணில் படவில்லை. கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்து மண்டி மொஹல்லாவில் எண்ணெய் ஆலை வைத்திருந்த தொட்டையன், ஆலைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் தானும் மனைவி தேவம்மாவுமாகக் கொப்பரை வைத்து எதையோ காய்ச்சிச் சவுக்காரம் செய்தார். கூலியாட்கள் யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது. தொழில் ரகசியம் என்றார். டிரைவருக்குச் சம்பளத்தோடு வாரம் ஒரு கட்டி. வெள்ளை வெளேரென்று, வெண்ணெயாய் நுரைக்கும். மதலைமுத்து அதைக் கையில் வாங்கிய அன்று, மோட்சமே இந்த எடைதான் இருக்கும் என்று நினைத்தான். காலையில் ஒரு குளியல், மாலையில் ஒன்று, வண்டியைத் தொட்டுவிட்டால் ஒன்று. தேய்த்த தேய்ப்பில் அவன் நிழல்கூட ஒரு படி வெளுத்துவிட்டது.

சவுக்காரத்தோடு, ஆலை முற்றத்தில், மாடுகள் இல்லாமற்போய்ப் பல வருடமான மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஓர் அறை. அதில் அவனும் நிறைமாத ரோசலினும். கொட்டகையில் இப்போது கார் நின்றது.

யுத்தத்துக்கு முன் ஜெர்மனியிலிருந்து பம்பாய் வழியாக வந்திறங்கிய டீசல் கார் அது. பெட்ரோல் கூப்பனுக்கு ஊரே வரிசையில் நின்று வாடியபோது, தொட்டையன் ஆலையில் ஆட்டிய புங்க எண்ணெயோடு வேறு சிலதையும் கலந்து ஊற்றி, ஊர் முகத்தில் புகையை விட்டுக்கொண்டு போனார். வெயிலேறினால் வண்டி குதிரைதான். ஆனால் பனி விழ ஆரம்பித்ததிலிருந்து, விடியலில் மட்டும் பிணமாகக் கிடந்தது.

"என்னங்க, கெளம்பிச்சா?" அறைக்குள்ளிருந்து ரோசலின் கேட்டாள்.

"இப்பக் கெளம்பிரும். நீ மூச்ச நல்லா இழுத்து விடு."

"மூச்ச நான் பாத்துக்கறேன். நீங்க வண்டியப் பாருங்க."

அவள் கேலியாகத்தான் சொன்னாள். கடைசிச் சொல் பாதியில் இறுகி, பல்லுக்கிடையில் நசுங்கியது. வலி இருட்டிலேயே தொடங்கிவிட்டிருந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, முதல் வலியிலேயே கொண்டுவந்துவிடு என்று பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா விரலை ஆட்டிச் சொல்லியிருந்தாள். தலைப்பிள்ளை ஜட்கா வண்டியில் போனது. ஆஸ்பத்திரி வாசல்விளக்கு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், வைக்கோல் மேல், நீலம் பாரித்துப் போனது. அந்த வைக்கோலின் ஈரநாற்றம் இன்றும் அவன் மூக்கைவிட்டுப் போகவில்லை. இந்தப் பிள்ளைக்காகத்தான் அவன் கார் நிற்கிற வீடாகப் பார்த்து வேலைக்கு வந்தான். சவுக்காரம், அவன் மற்றவர்களிடம் சொன்ன காரணம்.

விளக்கைப் போட்டுப் பார்த்தான். பளிச்சென்று எரிந்தது, பாட்டரியில் குறையில்லை. எஞ்சினின் உள்ளறையைச் சூடாக்கும் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தான். அத்தனையும் பழுத்துச் சிவந்தன. ஹேண்டிலை இழுத்தால் எதிர்த்து உந்தியது. காற்று எங்கும் ஒழுகவில்லை. மிச்சம் எண்ணெய் வருகிற வழிதான். பம்புக்குப் போகும் பைப்பின் மூட்டைத் தளர்த்தினான். ஒரு சொட்டு வரவேண்டும். வரவில்லை.

"ஏப்பா முத்து, இன்னுமா அதோட மல்லுக்கட்டறே?"

தேவம்மா பின்னால் வந்து நின்றிருந்தாள். தடித்த கம்பளியைப் போர்த்தி, கையில் மூடிபோட்ட பித்தளைச் சொம்பு ஒன்றை அணைத்துப் பிடித்திருந்தாள். ஈரப் பனியிலும் அவள் முகம் பளபளத்தது.

"எண்ணெய் ஏறலீங்க அம்மணி."

"காளிதாஸா இருந்தா ஒரே சுத்துல கெளப்பியிருப்பான்."

"அவருதான் பட்டாளத்துக்குப் போயிட்டாருங்களே."

"எங்க போறான் அவன்," என்றாள் தேவம்மா. பிறகு, "ஆமா ஆமா. பட்டாளம். போயிட்டான்," என்றாள்.

காளிதாஸ் அவனுக்கு முன்னிருந்த டிரைவர். தசரா முடிந்த கையோடு காணாமற்போனான். மதலைமுத்து அவனை மார்க்கெட் வாசலில் பலமுறை பார்த்திருக்கிறான். இப்படி ஒரு பருமனை அந்தத் தெரு கண்டதில்லை. அவன் ஏறினால் வண்டி ஒரு பக்கம் மண்டியிடும்; இறங்கினால் பெருமூச்சு விடும். இருமினால் கழுத்துச் சதை மட்டும் தனியாக இருமி முடிக்கும். இரண்டு குட்டை இருமல், ஒரு நீள இழுப்பு. தெருமுனையிலேயே ஆள் வருவது தெரிந்துவிடும். ஹேண்டில் திருப்பி அடித்ததில் அவன் வலதுகைக் கட்டைவிரல் நகம் கறுத்து, நடுவில் பிளந்து, அப்படியே வளர்ந்திருந்தது. அந்த நகத்தால்தான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவான். அதைப் பார்த்த அன்று மதலைமுத்து மத்தியானம் சாப்பிடவில்லை.

"நான் புள்ளகிட்ட இருக்கறேன். ஒரு வாய் உருக்குன நெய் உள்ள போனா வழி எளகும்," என்று தேவம்மா அறைக்குள் போனாள்.

அந்த நெய் தினமும் வந்தது. மசக்கை மாதங்கள் கடந்தும் ரோசலினுக்குச் சோறு ஆகவில்லை, மீன் ஆகவில்லை, அவனையே ஆகவில்லை. தேவம்மா ராத்திரிக்கு ராத்திரி தேங்காய்ச் சிரட்டையில் கொண்டுவந்த நெய் மட்டும் ஆகிற்று. ரோசலின் பருப்புச்சோற்றில் குளம் வெட்டி ஊற்றிச் சாப்பிட்டாள், விரலைச் சூப்பினாள், சிரட்டையைக் கவிழ்த்துப் பார்த்தாள். அவனும் சாப்பிட்டான். இரண்டு பேருக்கும் தோள் உருண்டது, கன்னம் வந்தது. யுத்த காலத்தில் நெய் கொடுக்கிறவர்களிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

எண்ணெய் வடிகட்டுகிற உலோகக் கிண்ணத்தைத் திருகிக் கழற்றினான். கனத்தது. வாய்வரை வெள்ளையாக உறைந்திருந்தது.

புங்க எண்ணெய் குளிரில் கெட்டிப்படும். கெட்டிப்பட்டாலும் மங்கிய மஞ்சள். கசப்பு வாடை மூக்கை அறையும். இது வெள்ளை. வழவழவென்று, மேலே லேசாக வியர்த்திருந்தது. விரல் நுனியால் தொட்டான். உடம்புச் சூட்டுக்கே இளகி, நகக்கண்ணுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. முகர்ந்தான். வாடை பழகியதாக இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை. அந்த வெள்ளைக்குள் நீளநீளமாய், சுருள் சுருளாய்க் கறுப்பு இழைகள் ஓடின. சாக்கு நாராக இருக்கும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். சாக்கு நார் சுருண்டிருக்காது என்பது தெரிந்தும் சொல்லிக்கொண்டான்.

புகை. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். வண்டியில் வராத புகை பின்கொட்டகைக் கூரையில் வந்தது. முதலாளி விடியுமுன்பே கொப்பரையை ஏற்றியிருந்தார். ஓட்டுக்கூரை இடுக்குகளில் கசிந்து, பனிக்கு மேலே ஏற முடியாமல், அந்தப் புகை முற்றத்தில் தவழ்ந்து அவன் கால்வரை வந்தது. கொழுப்பு கருகும் புகை. ஈரமான புகை. உதட்டில் படிந்தால் உதடு வழுக்கியது.

"என்னங்க!" ரோசலின் கத்தினாள்.

"ஆச்சு, ஆச்சு."

குளியலறை அண்டாவிலிருந்து வெந்நீரை மொண்டு வந்து கிண்ணத்தின்மேல் ஊற்றினான். பைப்பின்மேல் ஊற்றினான். வண்டிக்கடியில் ஊர்ந்து டாங்கியின் அடிவயிற்றில் ஊற்றினான். வெள்ளை கண்ணாடியாக இளகிச் சொட்டியது. ஒரு சொட்டு அவன் நெற்றியில் விழுந்து, புருவம் தாண்டி, மூக்கோரமாய் இறங்கியது. துடைக்கக் கையில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான்.

கிண்ணத்தில் உருகியதைத் தன் கைக்குட்டையை விரித்து அதில் கவிழ்த்தான். சலவை செய்து மடித்து வைத்த கைக்குட்டை. எண்ணெய் இறங்கிவிட்டது. மயிர்ச்சுருணையும் அதற்குள் கடினமாக எதுவோ ஒன்றும் தங்கின. பார்க்க நேரமில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

இனி எண்ணெயை இழுக்க வேண்டும். மைசூர் டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரே வழி வாய்தான். டாங்கியிலிருந்து வரும் ரப்பர் பைப்பை உதட்டில் வைத்து உறிஞ்சுவது, எண்ணெய் நாக்கைத் தொட்டதும் விரலால் அடைப்பது, துப்புவது, பைப்பை மாட்டுவது. அத்தனை சுத்தக்காரனான மதலைமுத்துவும் இதற்கு மட்டும் தப்ப முடிந்ததில்லை. இழுக்கிற நாளெல்லாம் உப்புநீரில் வாய் கொப்பளித்து, கொப்பளித்து, நாக்கே பொரித்த அப்பளமாகிவிடும்.

பைப்பின் நுனியைத் துடைத்தான். திரும்பத் துடைத்தான். கண்ணை மூடி வாயில் வைத்தான். புங்கின் கசப்பை எதிர்பார்த்து நாக்கைச் சுருட்டிக்கொண்டு உறிஞ்சினான்.

வரவில்லை. கன்னம் ஒட்ட உறிஞ்சினான். பைப்புக்குள் எதுவோ வழுக்கி நகர்ந்தது.

திடீரென்று வாய் நிறைந்தது. இளஞ்சூடு. துப்புவதற்குள் ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது.

கசக்கவில்லை.

நன்றாக இருந்தது. உப்பு ஒன்றுதான் குறை. அடிநாக்கில் எச்சில் ஊறியது. வயிறு, காலையிலிருந்து எதுவும் காணாத வயிறு, இன்னும் கேட்டது. கண்முன்னே ஆவி பறக்கும் பருப்புச்சோறு வந்தது. நேற்று ராத்திரிச் சோறு. நடுவில் குளம் வெட்டி ஊற்றியது.

அதே ருசி.

குனிந்து வாந்தி எடுத்தான். வந்தது நூலாய் இழுபட்டது, உதட்டை விடவில்லை. பின் குழாயடிக்கு ஓடினான். வாயைக் கழுவினான். மாடத்திலிருந்த சவுக்காரத்தை எடுத்துக் கையில் தேய்த்தான், முகத்தில் தேய்த்தான், நாக்கில் தேய்த்தான். நுரை பொங்கி வந்தது. வெண்ணெய் நுரை. அதை முகர்ந்ததும் கை நின்றுவிட்டது. கிண்ணத்தில் பழகியதாக இருந்த வாடை. காலையில் ஒரு குளியல், மாலையில் ஒன்று. கழுத்தில், அக்குளில், நகக்கண்ணில். எத்தனை மாதமாக.

சவுக்காரம் கையிலிருந்து வழுக்கி விழுந்தது.

சட்டைப்பையில் எதுவோ குத்தியது. கைக்குட்டையை எடுத்து விரித்தான். மயிர்ச்சுருணையை ஒரு குச்சியால் விலக்கினான்.

நகம். கட்டைவிரல் நகம். கறுத்தது. நடுவில் பிளந்தது. பிளவின் ஒரு விளிம்பில் இன்னும் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு.

பின்கொட்டகையில் கொப்பரை கொதிக்கும் சத்தம் கேட்டது. தடித்த சத்தம். குமிழி உடையும் சத்தம். துடுப்பு எதிலோ இடித்து, அதைப் புரட்டிவிட்டு, மறுபடி சுற்றும் சத்தம்.

ஓடிவிடலாம். ரோசலினைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடலாம். எங்கே? பனியில் தெரு முழுக்கக் காலியாகக் கிடந்தது. ஜட்கா ஸ்டாண்டுக்கு அரை மைல். ஜட்கா. வைக்கோல். நீலம்.

"முத்து," தேவம்மாவின் குரல், பதற்றமே இல்லாமல். "பனிக்குடம் ஒடைஞ்சிருச்சு கண்ணு. ஸ்வல்ப சீக்கிரம்."

கைக்குட்டையை மடித்தான். பையில் வைத்தான். பைப்பை மாட்டினான். மூட்டை இறுக்கினான். டாங்கியில் அதுதான் இருந்தது. வேறு எண்ணெய் இல்லை. பிளக்குகள் பழுக்கும்வரை காத்திருந்தான். கட்டைவிரலை உள்ளே மடக்காமல் ஹேண்டிலைப் பிடித்தான். அரைச் சுற்று.

எஞ்சின் இருமியது. இரண்டு குட்டை இருமல். ஒரு நீள இழுப்பு.

பிறகு கிளம்பிவிட்டது. நடுக்கமில்லாமல், திருப்தியாக, சாப்பிட்டு முடித்த ஆளைப் போல ஓடியது. காரின் ஒரு பக்கம் மண்டியிட்டுத் தாழ்ந்து நின்றது. அதில் இன்னும் யாரும் ஏறவில்லை.

ரோசலினைத் தாங்கிப் பின்சீட்டில் படுக்க வைத்தான். தேவம்மாவும் ஏறினாள், சொம்போடு. வேண்டாம் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். வாயிலிருந்த வழவழப்பில் சொல் நிற்கவில்லை.

"பொம்பளத் துணை வேணுமில்ல," என்றாள் அவள், அவன் கேட்டுவிட்டதைப் போல.

மண்டி மொஹல்லாவின் சந்துகளில் வண்டி போயிற்று. பின்னால் புகை. வெள்ளைப் புகை, இப்போது ஏராளமாக. பனிக்குள் அது கலையாமல் தெருவை அடைத்துக்கொண்டு தொடர்ந்து வந்தது. கல்யாணவீட்டு வாணலி வாசனை. மூடிக்கிடந்த கடைகளின் வாசலில் படுத்திருந்த நாய்கள் எழுந்தன. குரைக்கவில்லை. நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு பின்னால் ஓடிவந்தன.

"யாரு வீட்டுலங்க சமைக்கறாங்க?" ரோசலின் கேட்டாள். வலிக்கு நடுவில், மூச்சுக்கு நடுவில். "பசிக்குதுங்க."

"ரோசா, எதையும் வாயில வெக்காத. கேக்குதா? எதையும்."

"நெய்தானேங்க."

"வேண்டாம்னு சொல்றேன்."

"பயந்துட்டான் புள்ள," தேவம்மா சிரித்தாள். "பாக்கெட்டுல என்னப்பா, துருத்திக்கிட்டு?"

"ஒண்ணுமில்லீங்க அம்மணி. அழுக்கு."

"அழுக்கா? உங்கிட்டயா?"

பித்தளைச் சொம்பின் மூடி திறக்கும் சத்தம். அவன் பாதையைப் பார்த்தான். பாதையை மட்டும் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசல்விளக்கு பனிக்குள் மஞ்சளாய்த் தெரிந்தது. நிறுத்தினால் கிளம்பாது. நிறுத்தக்கூடாது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது.

கண்ணாடியில் கண் போயிற்று.

ரோசலின் வாயைத் திறந்திருந்தாள். தேவம்மாவின் விரல்கள் உள்ளே போயின, வெறுமையாய் வெளியே வந்தன. ரோசலின் அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். முகவாய் முழுக்கப் பளபளத்தது. கண் மூடியிருந்தது.

தேவம்மா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுகை முன்னால் நீண்டது. அவன் பிடரியில் வந்து அமர்ந்தது. வெதுவெதுப்பாய், வழுக்கலாய், புதிதாய் உருண்டிருந்த சதையை இரண்டு விரலால் பிடித்து, மெல்ல, சந்தையில் ஆட்டின் தொடையைப் பார்ப்பதைப் போல அழுத்திப் பார்த்தது.

"நல்லாத் தேறிட்டே," என்றாள்.

எஞ்சின் இருமியது.

"இன்னுங் கொஞ்சம், அம்மணி," என்றாள் ரோசலின்.